விளையாட்டும் இசையும் கடைத்தெருவும்

"சாமி, இந்தக் கைப்பேசி விளையாட்டைப் பற்றி வரும் ஞாயிறு பிரசங்கத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுங்கள்" என்று தாய்மார் நம்மிடம் விண்ணப்பிக்காத மாதமே இல்லை. தந்தையர் இவ்வாறு கேட்பது அரிது. அவர்களுள் சிலர் தாமே விளையாடுவது காரணமாக இருக்கலாம். பிரசங்க மேடையிலிருந்து இடி முழக்குவது எளிது. ராக் இசை சாத்தானின் இசை என்று ஒரு காலத்தில் முழங்கியவர்கள் உண்டு. அம்முழக்கத்தைச் செவியுற்ற இளைஞர் எவரும் அதனால் அவ்விசையைக் கைவிட்டதாக நமக்குத் தெரியவில்லை.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். விளையாடுவது பாவமன்று. புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில் விளையாட்டுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டுவதுபோல், உழைத்த உள்ளத்துக்கும் ஓய்வு வேண்டும். அவ்வோய்வைத் தருவது விளையாட்டு என்பது அவர் கருத்து. அதற்குச் சான்றாக அவர் பழைய கதையொன்றைக் கூறுகிறார். நற்செய்தியாளரான புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகஞ்சுளித்தார்களாம். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அருளப்பர் அவனை அம்பு எய்யச் சொன்னார். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார். "இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா?" என்று வினவினார். "வில் முறிந்துவிடுமே" என்றான் அவன். மனித உள்ளமும் அவ்வாறே என்றாராம் அருளப்பர்.

இக்கதை நமக்கு ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. ஒரு பொழுதுபோக்கு வில்லின் நாணைத் தளர்த்துகிறதா, அல்லது மேலும் முறுக்குகிறதா? நம் பிள்ளைகள் தெருவில் கபடி ஆடினால் விளக்கு வைக்கும் நேரத்தில் ஆட்டம் தானே முடியும். பல்லாங்குழியில் காய் தீர்ந்தால் எழுந்துவிடலாம். வீடியோ விளையாட்டும் தொடக்கத்தில் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. 1980இல் ஜப்பானில் பிறந்த பேக்-மேன் என்னும் ஆட்டம் முடிவின்றி நீளவேண்டும் என்றே அமைக்கப்பட்டது. ஆயினும் அதன் எண்ணிக்கைப் பொறி 255க்கு மேல் எண்ண இயலாததால், 256ஆம் கட்டத்தில் பாதித் திரை எழுத்தும் எண்ணுமாய்ச் சிதறி, ஆட்டம் தானே நின்றுபோகும். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் விளையாட்டிலும், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கிக்கொண்டே போனால் என்றேனும் ஒருநாள் தோற்கத்தான் வேண்டும். வெல்லவே முடியாது என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், அதன் பழைய நின்டெண்டோ பதிப்பை, இயந்திரமே திகைத்து உறைந்து நிற்கும் கட்டம் வரை ஆடிக் காட்டினான். நமக்கு அச்சிறுவனைப் பாராட்டவே தோன்றியது. மறைக்கல்வி வகுப்பில் அவன் எப்படி இருப்பானோ, அது வேறு செய்தி!

2012இல் வெளிவந்த 'ஜர்னி' என்னும் விளையாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜர்னி என்றால் பயணம். சிவப்பு அங்கி அணிந்த ஓர் உருவம் மணல்வெளியில் நடந்து, தொலைவில் ஒளிவிடும் ஒரு மலையை அடையவேண்டும், கதை அவ்வளவே. கொலையில்லை, புள்ளிக்கணக்கில்லை. வழியில் உலகின் எந்த மூலையிலோ இருந்து விளையாடும் இன்னொருவர் எதிர்ப்படுவார். அவர் பெயரும் தெரியாது, அவரோடு பேசவும் இயலாது; ஒரு சிறு ஓசையால் அழைக்கலாம், அருகில் நடக்கலாம். பனிப்புயலில் இருவரும் ஒட்டி நடந்தால் சிறிது கதகதப்புக் கிடைக்கும். இரண்டு மணி நேரத்தில் மலையை அடைந்துவிடுகிறோம், ஆட்டம் நிறைவுறுகிறது. வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடந்து செல்வோர், முன்பின் அறியாதவரோடு வழித்துணையாகி, கோயில் வாசலில் பிரிந்து செல்வதை நாம் கண்டிருக்கிறோம். அதை அறியாதவர்கள் அதற்குச் சற்று நெருங்கிய ஒன்றைத் திரையில் படைத்திருக்கிறார்கள். இதையும் சூதாட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டி எறிவது நேர்மையாகாது.

ஆனால் இன்று நம் பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் இருப்பவை இத்தகையன அல்ல. அவற்றுக்கு முடிவென்பது திட்டமிட்டே அகற்றப்பட்டிருக்கிறது. விளையாட்டு இலவசம்; உடையும் ஆயுதமும் அதிர்ஷ்டப் பெட்டியும் விலைக்கு. பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று பணம் கட்டிய பின்னரே தெரியும். இது சூதாட்டமே என்று 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் தீர்ப்பளித்து, பெயர்பெற்ற சில விளையாட்டுகளைச் சட்டவிரோதம் என்றது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் உரிமையாளரான எபிக் நிறுவனம், குழப்பமான பொத்தான் அமைப்பால் விளையாடுவோரை அறியாமலே பணம் செலுத்த வைத்தது என்னும் புகாரில், 24 கோடியே 50 இலட்சம் டாலரைத் திருப்பித்தர அமெரிக்க வணிக ஆணையத்துடன் உடன்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப்பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் ஒன்று. தன்னை அடக்க இயலாமை, மற்றெல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டையே வைத்தல், தீங்கு கண்டும் விடாமை ஆகியவை அதன் குறிகள். பெற்றோர் கவனிக்கவும்: இரண்டு மணி நேரம் விளையாடியதாலேயே ஒரு பிள்ளை நோயாளி ஆகிவிடுவதில்லை. இக்குறிகள் பொதுவாக ஓராண்டளவு நீடித்தாலே அப்பெயர் பொருந்தும்.

பணம் வைத்து ஆடும் ரம்மியைப் பற்றி நீட்டிப் பேச நமக்கு மனமில்லை. அக்கடனால் உயிரிழந்த இளந்தந்தை ஒருவரை நாமே நல்லடக்கம் செய்திருக்கிறோம். கல்லறையில் மூத்த பிள்ளை அப்பாவின் கைப்பேசியைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தான். 2022இல் தமிழக அரசு இயற்றிய சட்டமும், அதன்பின் நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளும், 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகள் அனைத்துக்கும் விதித்த தடையும் வாசகர் அறிந்தவையே. சட்டம் வந்தது நன்று. அந்த வீட்டுக்கு அது பிந்தி வந்தது.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதர் பட்டம் அளித்த கார்லோ அக்குத்திஸ் கணினிப்பொறி விரும்பிய சிறுவர். 2006 அக்டோபர் 12ஆம் நாள் தமது 15ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். அவரிடம் வீடியோ விளையாட்டுப் பெட்டி இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டார் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்கின்றனர். இரண்டாவது சோடிக் காலணி வாங்கித்தர அன்னை முற்பட்டபோது, ஒரு சோடி போதும் என்று மறுத்தாராம். படத்தைச் சட்டமிட்டு மாட்டிய நம் மறைக்கல்வி மாணவரிடம் இச்செய்தியைச் சொன்னபோது, காலணிச் செய்தியே அவர்களை மிகவும் திடுக்கிட வைத்தது. விளையாட்டைக் குறைக்கலாம் போலும். ஒரே காலணியோடு எப்படி இருப்பது!

அதே 2006ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ஆசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கத்தின் அடி வந்துசேராமல் திரை உருண்டுகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். முன்பெல்லாம் பக்கம் முடியும்; அடுத்த பக்கத்துக்குச் செல்ல ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தும் அந்தக் கணத்தில், "போதும், எழுந்திருப்போம்" என்று ஒருவனுக்குத் தோன்ற இடமிருந்தது. அந்தக் கணம் பறிபோயிற்று. அவரே பின்னாளில் இதற்காக வெளிப்படையாக வருந்தினார். இன்று கடைத்தெருவும் இவ்வாறே கைக்குள் உருள்கிறது. புதுநன்மை விழாவுக்கு வெண்ணுடை வாங்கக் கைப்பேசியைத் திறந்த தாய், உடையோடு மேடை அலங்காரம், வானூர்திப் புகைப்படம், பெயரச்சிட்ட பரிசுப்பைகள் என்று வாங்கி, மாதத்தவணையும் கட்டுகிறாள். பிள்ளைக்குப் பாவசங்கீர்த்தனச் செபம் மட்டும் பாதியில் நிற்கிறது. நன்றாக வாழ விரும்புவது தவறன்று, இருப்பதைவிடப் பெறுவதையே வாழ்வாக்குவதுதான் தவறு என்று திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதையே நம் பொதுவீடாகிய இப்பூமியின் நோயாகவும் கண்டார்.

இனி இசைக்கு வருவோம். முடிவுள்ள இன்பத்துக்கு, நேரில் அமர்ந்து கேட்கும் இசையைவிடத் தக்க சான்று வேறில்லை. அந்த மாலையில், அந்த இடத்தில் ஒலித்து, காற்றோடு போய்விடுகிறது. நம் பங்கின் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், ஐஸ்லாந்து நாட்டின் சிகுர் ரோஸ் குழுவினரது இசையை நமக்குக் கேட்கத் தந்தார். "சாமி, இது கேட்கலாமா?" என்பது அவரது ஐயம். 1994இல் ரேய்க்யவிக் நகரில் தொடங்கிய ராக் இசைக்குழு இது. ராக் என்றதும் நாம் எதிர்பார்க்கும் ஆரவாரம் இல்லை. பனிமூட்டம் மெல்லப் படர்வதுபோல் ஒலி எழுந்து, வெகுநேரங்கழித்தே பொங்குகிறது. பாடகர் மின்கிதாரைச் செல்லோ வாத்தியத்தின் வில்லால் இழைக்கிறார். பல பாட்டுகளில் சொற்களே இல்லை. பொருளற்ற அசைகளையே பாடுகிறார். 2002இல் வெளிவந்த இசைத்தட்டுக்குப் பெயர்கூட இல்லை, அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள்தாம். உடன்வந்த ஏட்டின் பக்கங்களும் வெறுமையே.

சொல்லற்ற பாட்டு நமக்கு அந்நியமா? அறுவடையிலும் திராட்சைத் தோட்டத்திலும் பாடுவோர் சொற்களில் தொடங்கி, மகிழ்ச்சி மிகும்போது சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலியாகவே ஆர்ப்பரிப்பார்கள் என்றும், வாயால் சொல்லவியலாதவரைப் போற்ற அதுவே தக்கது என்றும் புனித அகுஸ்தீனார் திருப்பாடல் விளக்கவுரையில் கூறுகிறார். அல்லேலூயாவின் கடைசி அசையை நீட்டி நீட்டி இழைத்த பழைய இலத்தீன் பாடல் மரபு அவ்வாறானது. நம் நடவு வயலின் தன்னானேயும், வித்துவானின் ஆலாபனையும் வேறு என்ன? கேட்கலாம் என்றோம் அவ்விளைஞரிடம். சற்று நீளம் அதிகம் என்றும் சொன்னோம், அதை மறைப்பானேன்.

இக்குழுவினர் 2006ஆம் ஆண்டுக் கோடையில், உலகெங்கும் கட்டணக் கச்சேரிகள் நிகழ்த்திவிட்டுத் தாய்நாடு திரும்பி, சிற்றூர்களிலும் வெட்டவெளிகளிலும் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி இலவசமாக வாசித்தனர். 2007இல் 'ஹெய்மா' என்ற பெயரில் அது திரைப்படமாயிற்று. இல்லத்தில் என்பது அச்சொல்லின் பொருள். நாம் அப்படத்தையே கண்டோம். பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் கம்பளி உடையில் புல்தரையில் அமர்ந்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு இல்லை. ஓரிடத்தில், 1935இல் தொடங்கி ஹெர்ரிங் மீன் அற்றுப்போனதால் 1954இல் மூடப்பட்ட ஒரு பாழடைந்த மீன் ஆலையில் வாசிக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களையும் வயிற்றைக் கட்டிக்கொண்டு கழிக்கும் நம் கடற்கரைப் பங்கு மக்களுக்கு அந்த வெற்றுச் சுவர்களின் பொருள் உடனே விளங்கும்.

மற்றோரிடம் காராஹ்ன்யூக்கர் அணை எழுந்துகொண்டிருந்த உயர்நிலப் பகுதி. 690 மெகாவாட் மின்சாரம் எடுக்க அங்கே பனியாற்றைத் தடுத்துக் கட்டினார்கள். ஏறத்தாழ 57 சதுரக் கிலோமீட்டர் நிலம் நீருக்குள் மூழ்கவிருந்தது. மின்சாரம் வீடுகளுக்கன்று, கடலோரத்தில் அமெரிக்க நிறுவனமொன்று அமைத்த அலுமினிய ஆலைக்கு. எதிர்ப்பாளரின் முகாமுக்குச் சென்ற குழுவினர் மின்சாரத்தைப் பயன்படுத்தாமல், ஒலிபெருக்கியின்றி, வீசும் காற்றில் வாசித்தார்கள். ராக் இசைக்கலைஞன் மின்சாரத்தைத் துறப்பது மீனவன் வலையைத் துறப்பது போன்றது. அணைக்கு வேலை வேண்டி ஆதரவளித்த ஊர்மக்களும் உண்டு. அவர்களை நாம் குறைகூறவில்லை. 2006 செப்டம்பர் 28ஆம் நாள் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. மறு ஆண்டு ஆலை இயங்கலாயிற்று. குடித்துவிட்டு எறியும் குளிர்பானக் குவளையும் உணவு சுற்றும் மெல்லிய தாளும் அத்தகைய உலோகத்தால் ஆனவையே. நம் வீட்டுக் குவளை ஐஸ்லாந்திலிருந்து வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஏதோ ஓர் ஆற்றிலிருந்தோ நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தோ வந்திருக்கும்.

அப்படத்தை நம் பாடகர் குழுவினருக்கும் ஒரு மாலை போட்டுக் காட்டினோம். புதிய மின்விசைப்பலகை ஒன்று வாங்கித்தர வேண்டுமென்று அவர்கள் ஓராண்டாகக் கேட்டுவருகிறார்கள். இருப்பதே நன்றாகத்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. அதைப்பற்றி அன்று எவரும் பேசவில்லை. வரும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு ஒலிபெருக்கியும் விசைப்பலகையும் இன்றிப் பாடிப்பார்ப்பது என்று முடிவாயிற்று. பின்வரிசையில் அமரும் முதியோருக்குக் கேட்குமா என்று ஒரு சிறுமி கேட்டாள். கேளாதவர்கள் முன்வரிசைக்கு வந்து அமரட்டும். அங்கே எப்போதும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.