விடியற்காலையில் மீன் செத்து மிதந்தால்... சாயமா? பிராணவாயுக் குறைவா?

திருப்பூர் வட்டாரத்தில் குளத்திலோ குட்டையிலோ மீன் செத்து மிதந்தால், பார்த்தவர்கள் முதலில் சொல்வது ‘சாயத் தண்ணீர்’ என்பதே. அதற்குக் காரணம் உண்டு. காதர்பேட்டையின் பனியன் வியாபாரம் பெருகப் பெருக, சாயப்பட்டறைக் கழிவும் நொய்யலில் பெருகியது. பாசனத்துக்காக 1992-ல் நொய்யலின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. கழிவை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் சாயம் ஒரு சொட்டும் கலவாத பண்ணைக்குட்டையிலும் மீன்கள் ஒரே இரவில் சாவதுண்டு. அங்கே எமனாவது பிராணவாயுக் குறைவு. எதனால் செத்தன என்று தெரிந்தால்தான் எஞ்சிய மீன்களைக் காப்பாற்ற முடியும்.

இரவில் நடப்பது என்ன?

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரிலோ, 30 டிகிரி வெப்பத்தில், ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். தண்ணீர் சூடேறினால் இதுவும் குறையும். கெண்டை மீன்கள் நன்கு வளர லிட்டருக்கு 5 மில்லிகிராம் வேண்டும். 3-க்குக் கீழே போனால் தீனி எடுக்காது. 1-ஐ நெருங்கினால் சாகத் தொடங்கும்.

பகலில் வெயில் பட்டதும் தண்ணீரிலுள்ள பாசி பிராணவாயுவை உண்டாக்குகிறது. பொழுது சாய்ந்தபின் அந்தப் பாசியே மீன்களோடு போட்டியிட்டு அதைச் சுவாசிக்கிறது. அடியிலுள்ள சேறு, சாணம், மிச்சத் தீனி ஆகியவை அழுகும்போதும் பிராணவாயு செலவாகிறது. ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைந்திருக்கும். இரண்டு மூன்று நாள் மேகமூட்டம், கோடைக்குப்பின் திடீர் மழை, ஊர்ச் சாக்கடை கலப்பு இவை ஆபத்தைக் கூட்டும். சாயநீர் கலந்தால் இரட்டைக் கேடு: நிறம் வெயிலை மறைத்துப் பாசியின் வேலையைத் தடுக்கும், அதிலுள்ள அழுகும் பொருள்கள் பிராணவாயுவைக் குடிக்கும்.

அடையாளம் காண்பது எப்படி?

பிராணவாயுக் குறைவானால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீர் வரும் வாய்க்காலருகே கூடும். பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் சாகும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் விராலும் தேளியும் பிழைத்திருக்கும். வெயில் ஏறியதும் மற்ற மீன்கள் தெளிந்துவிடும்.

நச்சுக் கழிவானால் நேரம் காலம் இல்லை, நண்பகலிலும் சாகும். சிறிதும் பெரிதும், விராலும் தவளையும் கூடச் சாகலாம். அப்போது குளத்துநீர், வாய்க்கால்நீர் இரண்டையும் உடனே தனித்தனிச் சுத்தமான பாட்டில்களில் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து, மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தகவல் தர வேண்டும். நேரம் கடந்தால் தடயம் ஓடிவிடும்.

உடனே செய்ய வேண்டியவை

மீன்கள் வாய் பிளப்பதைக் கண்டதும் தீனியையும் சாணம் இடுவதையும் நிறுத்த வேண்டும். பம்புசெட்டு மூலம் குட்டைத் தண்ணீரையே இறைத்து, பலகை மேலோ துளையிட்ட குழாய் வழியாகவோ சிதறி விழும்படி விடலாம். கிணற்று நீரையும் இவ்வாறே சிதறவிட்டே சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாயிருக்கும். மின்சாரம் இல்லையென்றால் மூங்கில் கழியால் தண்ணீரை அடித்துக் கலக்குவதும் பயன் தரும். அடிச்சேற்றை மட்டும் கிளறக் கூடாது. செத்த மீன்களை உடனே அகற்றிப் புதைக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

காற்றூட்டும் கருவி இல்லாத குட்டையில் ஏக்கருக்கு 2000 முதல் 2400 குஞ்சுகளுக்கு மேல் விடுவது பேராசை. வெள்ளைத் தட்டொன்றைக் கழியில் கட்டித் தண்ணீரில் இறக்கினால் 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழம்வரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். 20-க்குள் மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது. உரத்தை நிறுத்த வேண்டும். பாசியை மருந்திட்டு ஒரேயடியாகக் கொல்லக் கூடாது. அது அழுகும்போது உள்ள பிராணவாயுவும் போய்விடும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது விற்பனைக்குத் தேறிய மீன்களைப் பிடித்துவிட்டால் நெரிசல் குறையும்.

குத்தகைப் பணம், குஞ்சு விலை, பத்து மாத உழைப்பு எல்லாம் ஒரே இரவில் போகக்கூடிய தொழில் இது. மேகமூட்டமான நாள்களில் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக டார்ச்லைட்டுடன் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவது மீன் வளர்ப்போருக்குப் பழக்கமாக வேண்டும்.