ஏற்காட்டில் ரூம் புக் செய்கிறீர்களா? ஆதாரை மறைத்துக் கொடுங்கள்!

மே மாதம் கோடை விழா நெருங்கினால் ஏற்காட்டில் அறை கிடைப்பது குதிரைக் கொம்புதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய் அறை தேட முடியுமா? அதனால் வீட்டில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தே பதிவு செய்துவிடுகிறோம். பணம் கட்டியதும் அடுத்த செய்தி வரும்: “ஆதார் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.” நாமும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அனுப்பிவிடுகிறோம். அந்தப் படம் யார் மொபைலில் எத்தனை ஆண்டு கிடக்கும் என்று கேட்பதே இல்லை.

விடுதிக்காரர் அடையாளச் சான்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் யார் என்பது மட்டுமே. உங்கள் 12 இலக்க எண் அல்ல.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் இது பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள் என்றது. உரிமம் பெறாத ஓட்டல்கள், தியேட்டர்கள் நகலை வாங்கி வைக்கக் கூடாது என்றும் சொன்னது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாமாம்! குழப்பம்தான் மிச்சம். ஆனால் மாஸ்க்டு ஆதார் வசதி அப்படியே இருக்கிறது.

ஒரு நகலை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். முன்பெல்லாம் அடுத்தவர் ஜெராக்ஸை வைத்தே சிம் கார்டு வாங்கினார்கள். 2024 ஜனவரி 1 முதல் காகித நகலுக்கு சிம் தருவது நிறுத்தப்பட்டது. இப்போது ஆபத்து வேறு வழியில் வருகிறது. உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, “பேங்கிலிருந்து பேசுகிறோம்” என்று ஒருவர் போன் செய்தால் நம்பிவிடுவோம். அடுத்து அவர் கேட்பது ஓ.டி.பி.

மாஸ்க்டு ஆதார் பெறுவது எளிது. ‘மைஆதார்’ தளத்தில் ஆதார் எண்ணையும் மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யையும் கொடுத்து நுழையுங்கள். டவுண்லோட் பகுதியில் மாஸ்க்டு ஆதார் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்திடுங்கள். கிடைக்கும் பி.டி.எப். பைலுக்குப் பாஸ்வேர்ட் உண்டு: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் (பெரிய எழுத்தில்), அடுத்து பிறந்த ஆண்டு. உங்களைத் தெரிந்த யாரும் இதை ஊகித்துவிடலாம். எனவே ‘பாஸ்வேர்ட் இருக்கிறதே’ என்று முழு ஆதார் பைலை அனுப்பிவிடாதீர்கள்.

கையில் இருப்பது கார்டின் போட்டோ மட்டும்தானா? விண்டோஸில் பெயின்ட் புரோகிராமில் திறந்து, முதல் 8 எண்கள் மேல் அடர்கறுப்புப் பெட்டி வரைந்து, வேறு பெயரில் சேவ் செய்திடுங்கள். எண் இரண்டு பக்கமும் இருக்கும், மறக்க வேண்டாம். பழைய கார்டின் கியூ.ஆர். கோடிலும் முழு எண் உண்டு, அதையும் மறையுங்கள். மொபைலில் உள்ள மார்க்கர் பேனாவால் கிறுக்கினால் போதாது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் எண் தெரிந்துவிடும். படத்தின் குறுக்கே ‘ஏற்காடு ரூம் பதிவுக்கு மட்டும்’ என்று எழுதி, தேதியும் போடுங்கள்.

இதையெல்லாம் பிரவுசிங் சென்டரில் செய்திட வேண்டாம். வேறு வழியில்லை என்றால், டவுண்லோட்ஸ் போல்டரில் உள்ள பைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். அந்த 2022 எச்சரிக்கையும் இதைச் சொன்னது.

ஏற்கெனவே பல இடங்களில் நகல் கொடுத்தாகிவிட்டதா? மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். மைஆதார் தளத்தில், கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதார் எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். கைரேகையை லாக் செய்யும் வசதியும் அங்கேதான். 2018-ல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பரில் அச்சு செய்து சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்தவர் பிடிபட்டார். லாக் செய்திருந்தால் அந்த அச்சு பலித்திருக்காது. ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டிய நாளில் மட்டும் அன்லாக் செய்துகொள்ளுங்கள்.

பணமே போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அடுத்தவரின் பாஸ்வேர்ட் போன்ற அடையாளங்களை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகாருக்கு ஆதாரம் வேண்டுமே! விடுதியோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.