கோள் சொன்ன நரிக்குக் கிடைத்த தீர்ப்பு



விலங்குகளைப் பேசவைத்து மனிதருக்கு நீதி புகட்டும் வழக்கம் மிகத் தொன்மையானது. இவ்வகை நூல்களுள் தலைசிறந்தது பஞ்சதந்திரம். தாண்டவராய முதலியார் அதனை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையாக்கி 1826ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் முதற்பகுதியாகிய மித்திரபேதம், சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பை ஒரு நரி குலைத்த வரலாற்றைக் கூறுவது. இக்கதை வடமொழியில் ஒரு முடிவும் அரபு மொழியில் வேறொரு முடிவும் பெற்றிருக்கின்றது. தமிழைத் தாய்மொழியாகவும் அரபை மறைமொழியாகவும் போற்றும் அக்கரைப்பற்று, கல்முனைப் பகுதி மக்களுக்கு இவ்வேறுபாடு சிறப்பாகச் சிந்திக்கத் தக்கது.

முதலிற் கதையைப் பார்ப்போம். வணிகன் ஒருவனின் வண்டியை இழுத்துவந்த எருது, வழியில் இடருற்றுக் காட்டிலே விடப்பட்டது. பசும்புல்லை மேய்ந்து கொழுத்த அது ஒருநாள் முக்காரமிட்டது. அவ்வொலியை முன்பு கேட்டறியாத சிங்கம் அஞ்சி நடுங்கியது. தமனகன் என்னும் நரி எருதை அழைத்துவந்து, இரண்டையும் நட்பாக்கியது. நட்பு வளர வளர நரியின் செல்வாக்குத் தேய்ந்தது. பொறாமை கொண்ட நரி சிங்கத்திடம் சென்று, எருது உம்மைக் கொல்லக் கருதுகிறது என்றது. எருதிடம் சென்று, சிங்கம் உன்னைத் தின்னக் கருதுகிறது என்றது. அத்துடன், மற்றவர் எந்த நிலையில் நின்றால் பகையென்று அறியலாம் என்னும் அடையாளத்தையும் இருவருக்கும் சொல்லி வைத்தது.

கதையின் நுட்பம் இங்கேதான் இருக்கின்றது. அஞ்சிய எருது தன்னைக் காத்துக்கொள்ளக் கொம்பைத் தாழ்த்தி நின்றது. அதைக் கண்டு அஞ்சிய சிங்கம் பாய்வதற்கு உடலை நிமிர்த்தியது. நரி சொன்ன அடையாளங்கள் அப்படியே தோன்றிவிட்டன! பொய்யான கோள் அச்சத்தை விளைத்தது. அச்சம், அக்கோளுக்குச் சான்றாக நின்றது. எருது இறந்தது. சிங்கம் பின்னர் வருந்தியது. ஆயினும் வடமொழிக் கதையில் நரிக்குத் தண்டனை இல்லை. அது அரசனைத் தேற்றி அமைச்சனாகவே வாழ்கின்றது. பஞ்சதந்திரம் அரசகுமாரருக்கு உலகியல் கற்பிக்க எழுந்த நூலாதலின், உலகம் இப்படியும் நடக்கும், விழித்திரு என்று எச்சரிப்பதோடு அது நின்றுவிடுகின்றது.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் குஸ்ரூ அனூஷிர்வானின் காலத்தில், புர்ஸோ என்னும் மருத்துவர் இந்நூலைப் பகலவி மொழிக்குக் கொண்டுசென்றார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பஃ அதனை அரபு மொழியில் பெயர்த்தார். கரடகன், தமனகன் என்னும் நரிகளின் பெயர்கள் திரிந்து, 'கலீலா வதிம்னா' என்பதே நூலின் பெயராயிற்று. அங்கிருந்து எபிரேயம், இலத்தீன், ஸ்பானிய மொழிகளுக்குச் சென்ற கதைகள், தோமஸ் நோர்த் என்பவரால் 1570இல் ஆங்கிலத்திலும் வந்தன.

அரபு நூலில், எருது இறந்ததன் பின் ஒரு புதிய அத்தியாயம் வருகின்றது. அது திம்னாவின் வழக்கு விசாரணை. இதனைச் சேர்த்தவர் இப்னுல் முகப்பஃவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சிங்கத்தின் தாய் உண்மையை அறிந்து விசாரணைக்கு வற்புறுத்துகின்றாள். திம்னாவோ நாவன்மை மிக்கவன். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் சொல்லாலேயே தகர்க்கின்றான். கலீலா முன்பே அவனைத் தனிமையிற் கண்டித்தவன்; ஆனால் சபையில் வாய் திறவாமலே துயரத்தால் மாய்ந்துபோகின்றான். இறுதியில், அவ்விருவரின் பேச்சை மறைவிலே கேட்டிருந்த இரண்டு விலங்குகள் முன்வந்து சாட்சி சொல்கின்றன. ஒரு சாட்சியால் தீர்ப்பு இல்லை; இரண்டாவது சாட்சி வந்த பின்னரே திம்னா தண்டிக்கப்பட்டு மடிகின்றான்.

இவ்வத்தியாயம் நமக்கு மூன்று நீதிகளைத் தருகின்றது. கோள் சொல்வது வெறும் குணக்கேடன்று, குற்றமுமாகும். குற்றத்தையும் சான்றின்றித் தண்டித்தல் ஆகாது. உண்மையறிந்தும் ஊமையாய் இருப்பவன் கலீலாவைப் போலப் பழியிற் பங்காளனாகின்றான். திருக்குறள் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம், தீயவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்கும்படி பணிக்கின்றது. இரண்டு நெறிகளும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

இது பழங்கதை மட்டும்தானா? 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில், அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவிலே மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து கலந்திருப்பதாக வதந்தி எழுந்தது. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தப்பவில்லை. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது, அது வெறும் மாவுக்கட்டியென்று தெரியவந்தது. உண்மை வந்தது, ஆனால் சேதம் முந்திக்கொண்டது.

கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல வாழ்கின்றனர் என்பது ஊர்வழக்கு. அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் ஒன்றையொன்று ஒட்டிக்கிடப்பவை. 1985இலும் 1990இலும் இக்கரை கண்ட துயரங்களுக்குக் காரணங்கள் பல. ஆயினும், அண்டை வீட்டாரின் முகத்திலே அச்சத்தோடு அடையாளம் தேடும் நிலை என்னவென்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர்.

கொட்டையை உடையாதவன் பருப்பை உண்ணான் என்னும் கருத்தை இப்னுல் முகப்பஃ தம் முன்னுரையிலே கூறுகின்றார். ஆகவே, பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும் பெற்றோரும் ஆசிரியரும் எருது இறந்த இடத்தில் நிறுத்திவிடாமல், விசாரணையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கும் முன்பாக, நரி கோள் சொல்லிவிட்டு வெளியேறும் கட்டத்தில் சற்றே நிறுத்தி, 'இப்போது சிங்கம் என்ன செய்யவேண்டும்?' என்று கேளுங்கள். 'எருதிடமே போய்க் கேட்கவேண்டும்' என்று ஒரு குழந்தையாவது விடை சொல்லும். அவ்விடை சிங்கத்துக்குத் தோன்றியிருந்தால், விசாரணைக்கே தேவை இருந்திராது.