குதிரைக் குளம்புச் சுவர் நோய்கள்

குளம்புச் சுவர் என்பது குதிரையின் பாதத்தைச் சுற்றி வெளியே தெரியும் கடினமான பகுதியாகும். இது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மனித நகத்தைப் போல இதன் வெளிப்பகுதியில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இல்லை. உடல் எடையின் பெரும்பகுதியை இச்சுவர் தாங்குவதால், இதன் பழுது குதிரையை நொண்டச் செய்யும்.

வளர்ச்சி

சுவர், மயிர் முடியும் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மாதத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கின்றது. முன்பகுதி முழுதும் புதிதாக வளர 9 முதல் 12 மாதங்கள் ஆகும். பிளந்த சுவர் மீண்டும் ஒட்டுவதில்லை. புதிய சுவர் வளர்ந்து இறங்கும்போதே பிளவு நீங்கும்.

முக்கிய நோய்கள்

* பிளவு: குளம்பு அளவுக்கு மீறி வளர்தல், சமமின்றிச் செதுக்குதல், ஈரமும் வறட்சியும் மாறி மாறித் தாக்குதல் ஆகியவற்றால் உண்டாகிறது. மேல்விளிம்பில் தொடங்கும் பிளவு ஆறுவது கடினம்.
* வெண்கோட்டு நோய்: சுவரும் அடிப்பாதமும் சேருமிடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் புகுந்து சுவரை உள்ளிருந்து அரிக்கின்றன.
* குளம்பழற்சி: சுவரை உள்ளெலும்புடன் பிணைக்கும் மெல்லிய தகடுகள் சிதைகின்றன. தானியத்தை மிகுதியாகத் தின்பது ஒரு முக்கியக் காரணம். முற்றினால் எலும்பு கீழிறங்கும், உயிருக்கும் ஆபத்தாகலாம்.

சிகிச்சை

6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்குதல் முதன்மையான தடுப்பாகும். பிளவு அசையாதிருக்கத் தகுந்த லாடம் பொருத்தப்படுகிறது. அரித்த பகுதி முழுதும் நீக்கப்பட்டுக் காற்றோட்டமாக விடப்படுகிறது. கிருமியுள்ள இடத்தைப் பசையால் மூடினால் நோய் உள்ளே பரவும். பயோட்டின் பல மாதங்கள் கொடுத்தால் புதிதாக வளரும் சுவரின் தரம் உயரலாம். பழைய சுவரை அது மாற்றாது. குளம்பழற்சி அவசர நிலையாகும். மருத்துவர் வரும்வரை தானியத்தை நிறுத்தி, குதிரையை நடத்தாமல், குளம்புகளைப் பனிக்கட்டியால் குளிர்விக்க வேண்டும்.

தமிழகத்தில்

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் இறக்குமதியான குதிரைகளுள் பல சரியான பராமரிப்பின்றி இறந்ததைக் குறிப்பிட்டுள்ளார். குதிரை வைத்தியம் அறிந்தவர் அங்கு இல்லாததையும் அவர் காரணமாகக் கூறுகிறார்.

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் விற்பனைக்கு வருகின்றன. இது வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் சேற்றில் நிற்கும் குளம்புகள் மென்மையடையும். வாங்குவோர் நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்தல், கடினத் தரையில் நடக்கவிட்டுக் கவனித்தல், சுவரில் குறுக்கு வளையங்கள் உள்ளனவா எனத் தடவிப் பார்த்தல் நன்று. குளம்பின் பின்பக்கம் நோக்கி அகன்று செல்லும் வளையங்கள் முந்தைய குளம்பழற்சியின் அடையாளமாக இருக்கலாம்.