விழுங்க விடாத தசை: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த கடிதம் அவசரமானது. பக்கவாதத்திலிருந்து தேறிய அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டைத் தசையை வெட்டிவிட்டால் சரியாகும் என்று சொல்லி, வரும் வியாழனுக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா என்கிறார் மகள். இதே தொல்லையைப் பற்றி வந்த மற்ற கடிதங்களில் தைராய்டு, வாயு, புற்றுநோய், மனக்கவலை என்று ஆளுக்கொரு பெயர். பலருடைய கையில் இருப்பது ‘எண்டோஸ்கோபி நார்மல்’ என்ற ஒரே சீட்டு.

கையெழுத்துப் போடலாமா என்பதைப் பத்திரிகை சொல்ல முடியாது. போடும் முன் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். அதற்கு அந்தத் தசை எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

குரல்வளைக்குப் பின்னால், உணவுக்குழாயின் வாயைச் சுற்றி வளைத்திருக்கும் தசை அது. பெயர் கிரிக்கோஃபாரிஞ்சியஸ். நம் உடம்பின் பெரும்பாலான தசைகள் வேலை வந்தால் இறுகும், வேலை முடிந்தால் தளரும். இது நேர்மாறு. எப்போதும் இறுகியே இருக்கும். மூச்சு இழுக்கும்போது காற்று வயிற்றுக்குள் போகாமலும், வயிற்றில் உள்ளது தொண்டைக்கு ஏறாமலும் காப்பது அந்த இறுக்கம்தான். விழுங்கும்போது, ஏறத்தாழ அரை நொடி, விட்டுக்கொடுக்கும்; ஏப்பம் வரும்போதும் தளரும்.

தளர்ந்தால் மட்டும் திறந்துவிடாது என்பதுதான் இதில் எனக்கு வியப்பான இடம். பாட்டியின் சுருக்குப் பையில் கயிற்றைத் தளர்த்தினால் போதுமா? இரண்டு விரலை விட்டு வாயை விரித்தால்தான் காசு வெளியே வரும். இங்கே அந்த விரல்களின் வேலையைச் செய்பவை தாடைக்குக் கீழே உள்ள தசைகள். அவை குரல்வளையை மேலும் முன்னுமாக இழுக்கின்றன. இந்தத் தசை குரல்வளையோடு ஒட்டியிருப்பதால் வாய் விரிகிறது. கழுத்தில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், அந்த இழுப்பு தெரியும். பின்னாலிருந்து நாக்கும் தொண்டைச் சுவரும் கவளத்தைத் தள்ள வேண்டும். மூன்றும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன.

ஆகவே ‘தொண்டையில் நிற்கிறது’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் வேறு வேறு பழுதுகள் இருக்கலாம். மூளைத்தண்டின் பக்கவாட்டில் பக்கவாதம் தாக்கினால் தளரச் சொல்லும் உத்தரவே வராமல் போகலாம். வயதாலோ, தசை அழற்சியாலோ, புற்றுநோய்க்கு வைத்த கதிர்வீச்சாலோ தசையே விறைத்திருக்கலாம். தசை நன்றாகவே இருந்து, இழுப்பவையும் தள்ளுபவையும் சோர்ந்திருக்கலாம். தசையை வெட்டுவது முதல் இரண்டுக்கும் பலன் தரக்கூடும், அதுவும் தள்ளும் வலு மிச்சமிருந்தால். மூன்றாவதற்கு வெட்டினால் பெரிய பலன் இல்லை. நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவருக்கு வயிற்று அமிலம் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

எந்தப் பழுது என்பதை எண்டோஸ்கோபி பெரும்பாலும் காட்டாது. குழாய் இந்த இடத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது. பழுது இருப்பதோ அசைவில். ‘நார்மல்’ என்றால் புண் இல்லை, கட்டி தெரியவில்லை என்று பொருள். அது பெரிய ஆறுதல்தான். ஆனால் விழுங்குவதில் குறை இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ‘எல்லாம் மனசுதான்’ என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். தேவைப்படுவது பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து, எக்ஸ்ரேயில் அசையும் படமாகப் பக்கவாட்டிலிருந்து பதிவு செய்யும் சோதனை. தளர்வு, இழுப்பு, தள்ளல் மூன்றையும் ஒன்றாகக் காட்டுவது அதுதான். பென்னாகரத்து மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அப்பாவுக்கு அந்தப் படம் எடுத்தார்களா, அதில் எது பழுது என்று தெரிந்தது? இரண்டாவது: பக்கவாதம் வந்து எத்தனை நாளாகிறது? அதற்குப் பின் வரும் விழுங்கல் கோளாறு பலருக்கு முதல் சில வாரங்களிலேயே குறைகிறது. உணவைத் தற்காலிகமாக மூக்குக் குழாயில் கொடுத்துக்கொண்டு காத்திருக்க முடியுமா என்பது மூன்றாவது.

அசையும் படத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. புரையேறினால் இருமுவோம், வீட்டார் தலையில் தட்டுவார்கள். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு உணர்ச்சி மரத்து, உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. அடிக்கடி காய்ச்சல், சாப்பிட்டதும் கரகரக்கும் குரல், காரணமில்லாமல் குறையும் எடை ஆகியவைதான் அடையாளங்கள். இருமவில்லையே, நன்றாகத்தான் சாப்பிடுகிறார் என்று நம்பிவிட வேண்டாம்.

நம் ஊரில் இந்த விழுங்கல் கோளாறு முதலில் தெரிவது களித் தட்டில். ராகிக் களியை யாரும் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். கவளம் பெரிது, வழவழப்பு, ஒட்டும். உணவுக்குழாயின் வாய் அரைகுறையாகத் திறந்தால் அங்கேயே நின்றுவிடும். சோறு இறங்குகிறது, களி நிற்கிறது என்று பெரியவர் சொன்னால் வயசாகிவிட்டது என்று ஒதுக்காமல் அழைத்துப் போங்கள்.

சிகிச்சையில் கத்திக்கு முன்னால் பல படிகள் உள்ளன. இழுப்பு சோர்ந்தவர்களுக்கு, அமெரிக்க மருத்துவர் ரேசா ஷேக்கர் 1997-ல் வெளியிட்ட பயிற்சி இருக்கிறது. மல்லாந்து படுத்து, தோள் தரையை விட்டு எழாமல், தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே, ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. பிறகு நிறுத்தாமல் 30 முறை தூக்கி இறக்க வேண்டும். தினம் மூன்று வேளை, ஆறு வாரம். செலவில்லை; கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தசை விறைத்தவர்களுக்கு பலூனால் விரிப்பது உண்டு, போட்டாக்ஸ் ஊசி உண்டு. ஊசியின் பலன் சில மாதங்களே. மருந்து பக்கத்துத் தசைகளுக்குப் பரவினால் விழுங்குவது தற்காலிகமாக இன்னும் மோசமாகும். வெட்டும் அறுவை போலியோ நோயாளி ஒருவருக்குச் செய்யப்பட்டு 1951-ல் பதிவானது. இன்று வாய் வழியே லேசரிலும் செய்கிறார்கள். ‘நிரந்தரத் தீர்வு’ என்று விளம்பரம் செய்யப்படுவது இந்த அறுவைதான். உணவுக்குழாய்ச் சுவர் கிழிந்தால் தொற்று நெஞ்சுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை விளம்பரம் சொல்வதில்லை. தசைக்கு மேலே பை விழுந்து, காலையில் தின்றது மாலையில் செரிக்காமல் திரும்பி வருகிறவர்களுக்கு மட்டும் அறுவையே சரியான வழி.

அடுத்தது செலவு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவதாகச் சொல்கிறது. அது மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைகளைச் சுற்றி அமைந்தது. ஆறு வாரம் வீட்டில் செய்யும் பயிற்சிக்கும், அதைச் சொல்லித்தரும் பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிப் பலமுறை பஸ் ஏறுவதற்கும் அதில் வழி இல்லை. கத்திக்குப் பணம் கிடைத்து, பயிற்சிக்குக் கிடைக்காத ஏற்பாடு ஏழைக் குடும்பத்தைக் கத்தியின் பக்கம் தள்ளும். இது எனக்குக் கவலை தருகிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. விழுங்க முடியாமை தனியாக அதில் இல்லை. வாய்வழி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாதவரைச் சட்டம் எப்படிக் கணக்கில் எடுக்காமல் விட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மற்ற கடிதங்களுக்குச் சுருக்கமாக.

தொண்டையில் உருண்டை நிற்பது போல இருக்கிறது, ஆனால் சாப்பிடும்போது தெரிவதில்லையே? இதே தசையின் இறுக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் ஆபத்தில்லாதது, ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பெண்களுக்கு ரத்தசோகையால் வருமா? இரும்புச் சத்துக் குறைந்தால் இந்தத் தசைக்குக் கீழே மெல்லிய சவ்வு வளர்ந்து அடைக்கலாம், கவனிக்காவிட்டால் புற்றுநோய்க்கும் இடம் தரலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு.

மாலையில் இமை தொங்குகிறது, விழுங்கவும் கஷ்டம்? நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்; மாத்திரையில் கட்டுப்படும் நோயாக இருக்கலாம்.

ஏப்பமே வருவதில்லை? அதே தசை கீழிருந்து வரும் காற்றுக்குத் தளராததுதான், சிகிச்சை உண்டு.

தொக்கம் எடுத்தால் சரியாகுமா? ஆகாது, நாள்தான் வீணாகும்.

எப்போது தாமதிக்கவே கூடாது? எடை குறைந்தால், குரல் மாறினால், கழுத்தில் கட்டி தெரிந்தால், எச்சிலில் ரத்தம் வந்தால்.

எங்கே தொடங்குவது? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில். அசையும் எக்ஸ்ரே வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

சாப்பிட்டதும் படுக்கலாமா? கூடாது, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வையுங்கள்.