காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பா? - வீட்டில் முதன்முறை சோப் தயாரிப்பவர்கள் கவனத்துக்கு!

குப்பைமேனி சோப், ஆவாரம்பூ சோப், நலங்குமாவு சோப்... வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முதல் கண்காட்சி ஸ்டால்கள் வரை ஹோம்மேட் சோப்களுக்குத்தான் இப்போது மவுசு. அவற்றில் பலவற்றின் அட்டையில் இருக்கும் வாசகம், 'கெமிக்கல் இல்லாதது'. அதைப் பார்த்துவிட்டு, 'நாமும் செய்து பார்க்கலாமே' என்று களமிறங்குபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெயைக் கட்டி சோப்பாக மாற்றுவதே காஸ்டிக் சோடா என்கிற சோடியம் ஹைட்ராக்சைடுதான். அளவு சரியாக இருந்தால், அது எண்ணெயுடன் சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். காஸ்டிக் சோடாவாக எதுவும் மிஞ்சாது. அளவு கூடினால், மிச்சம் சோப்பிலேயே தங்கி சருமத்தைப் பதம் பார்த்துவிடும்.

'சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு, இந்த வேலையே வேண்டாம்' என்பவர்களுக்குக் கடைகளில் கிடைக்கும் சோப் பேஸ் நல்ல தேர்வு. அதில் காஸ்டிக் சோடா வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். சிறு துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் நீரின் மேல் வேறொரு பாத்திரத்தை வைத்து உருக்கி, மோல்டில் ஊற்றினால் போதும். ஆனால், பச்சைக் கற்றாழை, இலை விழுது, பழச்சாறு இவற்றையெல்லாம் கலந்தால் சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும். நன்கு காய்ந்த பொடியைக் கொஞ்சமாகச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எண்ணெயிலிருந்து தொடங்கி முழுதாகச் செய்து பார்க்க விரும்பினால், முதல் முயற்சிக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் போதும். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு, 73 கிராம் காஸ்டிக் சோடா, 190 கிராம் தண்ணீர். மூன்றையும் டிஜிட்டல் தராசில் எடை போட வேண்டும். டம்ளர், ஸ்பூன் கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. 500 மில்லி எண்ணெய் பாக்கெட்டை அப்படியே ஊற்றுவதும் தவறு. அதன் எடை சுமார் 460 கிராம்தான்.

500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 91 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 73 கிராமோடு நிறுத்துவதால், ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் சோப்பிலேயே இருக்கும். தேங்காய் எண்ணெய் சோப் சருமத்தை வறட்சியாக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணெயை மாற்றும்போதுதான். 'தேங்காய் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம்' என்று சமையல் குறிப்பைப் போல மாற்ற முடியாது. 500 கிராம் நல்லெண்ணெய் முழுதாக மாறவே சுமார் 67 கிராம் காஸ்டிக் சோடா போதும். அதில் 73 கிராம் சேர்த்தால் மிச்சமாவது உங்கள் தோலில்தான் வேலையைக் காட்டும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் கணக்கு வேறு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சோப் கால்குலேட்டரில் எண்ணெயின் பெயரையும் எடையையும் கொடுத்துப் பார்த்த பிறகே எதையும் மாற்றுங்கள்.

அடைப்பு நீக்கும் பவுடரில் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம் என்பதால் அதை வாங்க வேண்டாம். கெமிக்கல் கடைகளில் தூய சோடியம் ஹைட்ராக்சைடு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அதை அரித்து, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். எவர்சில்வர் பாத்திரம் பாதுகாப்பானது. அதையும் சமையலுக்குத் திரும்ப எடுக்காமல் தனியாக வைத்துவிடுங்கள்.

கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கலக்கும்போது அடுப்பே இல்லாமல் கரைசல் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும்; அதிலிருந்து வரும் ஆவியைச் சுவாசிக்க வேண்டாம். கரைசலும் எண்ணெயும் தனித்தனியாகச் சுமார் 40 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் எண்ணெயில் கரைசலை ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டுக் கலக்குங்கள். தோசை மாவுப் பதம் வந்து, கரண்டியில் எடுத்து விட்டால் மேலே கோடு விழ வேண்டும். அந்த நேரத்தில் மஞ்சள்தூள் சேர்த்துச் செம்மண் நிறமானால் பயப்பட வேண்டாம். ஆரத்தியில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அதே சங்கதிதான்.

மோல்டில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் சோப் சீக்கிரமே கல்லாக இறுகிவிடும். ஒருநாள் விட்டால் கத்தி இறங்காது. சில மணி நேரத்தில் இறுகியதுமே, கையுறையோடு துண்டு போட்டுவிடுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 4 வாரங்கள் காய வேண்டும். மேலே மெல்லிய சாம்பல் படிவது சகஜம். வெட்டிய இடத்தில் வெள்ளைக் கட்டிகளோ, நீர் கசிவோ தெரிந்தால், அந்த சோப்பை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

கரைசல் தோலில் பட்டால், பட்ட துணியைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். எலுமிச்சை, வினிகர் தடவும் வேலை வேண்டாம். கண்ணில் தெறித்தால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலிலோ, ஜூஸ் பாட்டிலிலோ இந்தக் கரைசலை ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, 'நல்லா இருக்கே, எனக்கும் நாலு கொடு' என்று காசை நீட்டும்போது பலருக்கும் பிசினஸ் ஆசை வரும். விற்பனைக்கு சோப் தயாரிப்பது, அழகுசாதனப் பொருள் தயாரிப்பாகவே கருதப்படுகிறது. 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். வீட்டு சமையலறையில் செய்து, ஸ்டிக்கர் ஒட்டி விற்றுவிடலாம் என்று யாராவது பயிற்சி வகுப்பில் சொன்னால், கட்டணம் கட்டும் முன் உரிமம் பற்றி அவர்களிடமே கேளுங்கள்.