ஆம்புலன்ஸ் மலையேறும் முன்னே

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. பழகிய ஓட்டுநரும் அதில் வேகம் காட்ட முடியாது. மூச்சுக்குழாய் முழுதாக அடைத்துக்கொண்ட ஒருவருக்கோ நாலைந்து நிமிடம்தான் கெடு. அதற்குள் காற்று உள்ளே போகாவிட்டால் மூளை செல்கள் சாகத் தொடங்கிவிடும்.

2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108 சேவை மலைக்கும் வந்துவிட்டது. மலைமேல் செம்மேட்டில் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் இவை பெரிய துணை. ஆனால் காட்டுக்குள்ளும் மேட்டிலும் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களில் ஒருவருக்குத் தொண்டை அடைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான் முதல் மருத்துவர்.

பலா, மலைவாழை, கடலை என்று அங்கே கைக்கெட்டும் தீனிகளில் பல, சின்னக் குழந்தையின் தொண்டைக்கு ஆபத்தானவை. வழவழப்பான பலாச்சுளை மெல்லும் முன்பே உள்ளே வழுக்கிவிடும். கொல்லிமலை இருக்கும், கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் அவித்த முட்டைக்குப் பஞ்சமில்லை. அதன் மஞ்சள்கரு வாய் ஈரத்தை உறிஞ்சி அடைப்பாக நிற்கக்கூடியது. பெரியவர்களும் தப்புவதில்லை. 2024 ஓணத்தின்போது, கோவை எல்லையை ஒட்டிய வாளையாறு பகுதியில் இட்லி சாப்பிடும் போட்டியில் 49 வயதான ஒருவர் தொண்டை அடைத்து இறந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்த இடம் அது.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று தண்ணீர் டம்ளரை நீட்டுவது நம் வீட்டு வழக்கம். லேசான புரைக்கு அதனால் கெடுதல் இல்லை. அங்கே இருமல்தான் வேலையைச் செய்கிறது. இருமவும் பேசவும் முடிகிறவரை அவரை இருமவே விட வேண்டும். முழு அடைப்பு வேறு. அதில் இருமல் வராது, குரல் வராது. கை தானாகத் தொண்டையைப் பிடிக்கும், கண் பிதுங்கும், உதடு நீலம் பாயும். அப்போது தண்ணீர் கொடுக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விட்டால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும்.

செய்ய வேண்டியது இது. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் அடைபட்டவரை முன்பக்கம் நன்றாகக் குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்ட வேண்டும். தடவிக் கொடுப்பதெல்லாம் போதாது. பொருள் வரவில்லையென்றால் பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, ஒரு கையை முஷ்டியாக்கி, கட்டைவிரல் பக்கம் வயிற்றில் படும்படி தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை வெடுக்கென்று இழுக்க வேண்டும். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு, நுரையீரலில் மிஞ்சிய காற்று பாட்டிலிலிருந்து தக்கை தெறிப்பதுபோல அடைப்பைத் தள்ளிவிடும். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். கர்ப்பிணிக்கும், கைகள் சுற்றி வளைக்க முடியாத அளவுக்குப் பருமனானவருக்கும் வயிற்றை விட்டு நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும். நினைவு தப்பினால் தரையில் மல்லாத்திப் படுக்கவைத்து, உடனே நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. ஈரல் கிழியும் அபாயம் உண்டு. குழந்தையை முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கியபடி முதுகில் 5 தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 அழுத்தம்.

வயிற்றை அழுத்தும் முறையை 1974-ல் உலகுக்குச் சொன்னவர் அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் ஹென்றி ஹைம்லிக். அதற்கு முன் உணவகங்களில் இப்படிச் சரிந்தவர்கள் பலரை மாரடைப்பு என்றே நினைத்துவிட்டார்கள். அவர் எழுதிய சில நாட்களிலேயே, வாஷிங்டன் மாநிலத்தில் ஓய்வுபெற்ற உணவக உரிமையாளர் ஒருவர், பத்திரிகையில் படித்ததை வைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிழைக்கவைத்தார். பயிற்சி வகுப்பு இல்லை, சான்றிதழ் இல்லை; படித்தது நினைவில் இருந்தது. ஹைம்லிக்கே 2016 மே மாதம், தன் 96-வது வயதில், முதியோர் இல்லச் சாப்பாட்டு மேசையில் ஒரு மூதாட்டியை அதே முறையில் காப்பாற்றினார். முதுகில் தட்டுவதை மட்டும் அவர் கடுமையாக எதிர்த்தார். மருத்துவ உலகம் இன்று அதில் அவரோடு உடன்படவில்லை: 2025-ல் வந்த அமெரிக்க இதய சங்கத்தின் வழிகாட்டுதல் முதலில் முதுகு, அடுத்து வயிறு என்று சொல்கிறது.

கொல்லிமலையில் இதை யாருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லை. அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், மகளிர் குழுவினர், வேன் ஓட்டுநர்கள் எல்லோருமே ஊருக்குள் இருக்கிறார்கள். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு மலையே திரளும்போது, ஒரு பொம்மையை வைத்து இதைச் செய்து காட்டக் கால் மணி நேரம் போதும்.

அடைப்பு நீங்கிய பிறகும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். வயிற்றை அழுத்தியதில் உள்காயம் பட்டிருக்கலாம். கடலைப் பருப்பின் ஒரு துண்டு மூச்சுக்குழாயின் வலது கிளைக்குள் இறங்கித் தங்கியிருக்கவும் கூடும். இடது கிளையைவிட வலது அகலமானது, நேரானது. அப்படித் தங்கினால் குழந்தை வாரக்கணக்கில் இருமும், இழுக்கும். ஆஸ்துமா என்றும் நிமோனியா என்றும் மருந்து ஓடும். எக்ஸ்ரேயில் கடலை நேரடியாகத் தெரியாது. "கடலை தின்னுக்கிட்டு இருந்தப்பதான் இருமல் ஆரம்பிச்சுது" என்று தாய் சொன்னால், குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றும்.